லைக்கிப்பியாவில் ஒரு குடும்பத்தின் சஃபாரி லாட்ஜ்: முதல்முறை போகிறவர்களுக்கு

நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் மாடிக் கட்டடம் நினைவுக்கு வரும். கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே பல லாட்ஜ்கள் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பண்ணை வீட்டை ஒட்டி எழுந்தவை. ஆறேழு குடில்கள், எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, வாசலில் வீட்டு நாய்கள், கொல்லைப்புறத்தில் காய்கறித் தோட்டம், அதற்கு அப்பால் காண்டாமிருகம். நீங்கள் அறை எடுத்துத் தங்கப் போகவில்லை, ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எத்தனை நாள் தங்குவது, எதை முன்கூட்டிச் சொல்வது, எதை எடுத்துப் போவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

எங்கே போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தேசியப் பூங்கா அரசின் நிலம். கன்சர்வன்சி என்பது தனியாரோ ஊர் மக்களோ தங்கள் நிலத்தைக் காட்டுயிர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் இடம். காப்புநிலம் என்று சொல்லலாம். கென்யாவில் 2013-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம் இதை முறையாக ஏற்றுக்கொண்டது. பயணிக்கு இதில் என்ன வேறுபாடு? பூங்காவில் வண்டிப் பாதையை விட்டு விலகக் கூடாது, பொழுது சாய்ந்தால் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும், நடந்து திரியவும் பொதுவாக முடியாது. காப்புநிலத்தில் இரவு உலா உண்டு, வழிகாட்டியோடு கால்நடையாகப் போகலாம், சில இடங்களில் குதிரையிலும் ஒட்டகத்தோடும் போகலாம். ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நெருக்கியடிக்கும் காட்சி இங்கே கிடையாது.

லைக்கிப்பியா கென்யா மலைக்கு வடமேற்கே, நிலநடுக்கோட்டின் மேலேயே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. லேவா, போரானா, ஓல் பெஜெட்டா ஆகியவை இங்கே பலரும் அறிந்த காப்புநிலங்கள். லேவாவின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1922-இல் கிரேக் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையாகத் தொடங்கிய நிலம் அது. கென்யாவில் 1970-இல் சுமார் 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காகக் கொன்று தீர்த்ததில் 1980-களின் இறுதிக்குள் 400-க்கும் கீழே போய்விட்டன. அந்த நேரத்தில், 1983-இல், அன்னா மெர்ஸ் என்ற பெண்மணி அந்தப் பண்ணையின் ஒரு பகுதியில் வேலியிட்டு, மிஞ்சியவற்றைக் கொண்டுவந்து காக்கத் தொடங்கினார். 1995-இல் பண்ணை முழுவதும் காப்புநிலமானது. 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கென்யா மலையின் நீட்சியாகச் சேர்ந்தது. 2014-இல் பக்கத்துப் போரானாவுக்கும் இதற்கும் நடுவிலிருந்த வேலியைப் பிடுங்கினார்கள். இன்று நாடு முழுவதும் கறுப்புக் காண்டாமிருகங்கள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் ஒன்று புதருக்குள்ளிருந்து தலை தூக்கிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அந்தப் பார்வையின் எடை வேறு.

நிலத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1904, 1911 ஆண்டு ஒப்பந்தங்களின் பெயரில் பிரிட்டிஷ் ஆட்சி மாசாய் மக்களை லைக்கிப்பியாவிலிருந்து வெளியேற்றித் தெற்கே அனுப்பியது. வெள்ளையர் பண்ணைகள் அதன்பிறகுதான் வந்தன. ஆகவே லாட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போதே, சுற்றியுள்ள ஊர்களுக்குப் பள்ளி, மருத்துவம், வேலை, வறட்சிக் காலத்தில் மேய்ச்சல் என்று என்ன போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். நல்ல குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து விரிவாகப் பதில் எழுதுவார்கள். லேவாவுக்குப் பக்கத்திலேயே இல் ங்வேசி என்ற லாட்ஜ் இருக்கிறது. 1996-இல் திறந்தது, உள்ளூர் மாசாய் மக்களுக்கே சொந்தம். குடும்ப லாட்ஜில் மூன்று இரவு, அங்கே இரண்டு இரவு என்று பிரித்துக்கொண்டால் நிலத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம்.

எப்போது, எத்தனை நாள், எவ்வளவு

ஜனவரி, பிப்ரவரி, அப்புறம் ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புல் தாழ்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். ஏப்ரல், மே பெருமழைக் காலம். அப்போது சில லாட்ஜ்கள் மூடியே இருக்கும். லைக்கிப்பியாவில் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கம் இருப்பது போன்ற கரிசல் மண். மழை பெய்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் சிறுமழை உண்டு, கட்டணம் கொஞ்சம் இறங்கும், காடு பச்சையாக இருக்கும். மழைக்குத் தயங்காதவர்களுக்கு நல்ல மாதம்.

வில்டபீஸ்ட் எனப்படும் மான் இனம் லட்சக்கணக்கில் ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமென்றால் அது இங்கே இல்லை. அதற்கு ஜூலை முதல் அக்டோபருக்குள் தெற்கே மசாய் மாராவுக்குப் போக வேண்டும். லைக்கிப்பியாவின் செல்வம் வேறு. நெருக்கமான மெல்லிய வரிகளும் வட்டக் காதுகளும் கொண்ட கிரேவி வரிக்குதிரை, வலை விரித்தாற்போல் உடல்கோலம் கொண்ட ஒட்டகச்சிவிங்கி, பின்னங்காலில் எழுந்து நின்று தழை மேயும் கெரெனுக் மான், நீலக்கால் சோமாலி நெருப்புக்கோழி என்று வறண்ட வடக்கின் உயிர்கள் இங்கே வாழ்கின்றன. கிரேவி வரிக்குதிரைகள் உலகில் மொத்தமே சுமார் மூவாயிரம்தான், பெரும்பாலானவை வடகென்யாவில்.

எத்தனை இரவு? மூன்றுக்குக் குறைந்து போகவே போகாதீர்கள், நான்கு என்றால் நிறைவு. ஐந்து நாளில் நான்கு இடம் பார்க்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் நாள் வழிகாட்டிக்கு உங்களைத் தெரியாது. இரண்டாம் நாள் மாலைக்குள் நீங்கள் பறவைகளை ரசிப்பவரா, யானைக் கூட்டத்தருகே ஒரு மணி நேரம் சும்மா உட்காரக்கூடியவரா என்று அவர் புரிந்துகொள்கிறார். மூன்றாம் நாள்தான் உங்களுக்கான காடு திறக்கிறது.

கட்டணம் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 300, 400 டாலரில் தொடங்கி 1,000 டாலருக்கு மேலும் போகிறது. பெரிய தொகைதான். ஆனால் அதில் மூன்று வேளை உணவு, காலை மாலை உலா, வழிகாட்டி, துணி துவைப்பு எல்லாம் பெரும்பாலும் அடங்கும். அடங்காதவை எவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: காப்புநிலக் கட்டணம், விமானத் திடலிலிருந்து வண்டி, குதிரை ஏற்றம், தனியாகத் தங்குவதற்கான கூடுதல் தொகை. இவ்வளவு செலவழிக்க இயலாதவர்களுக்கு ஓல் பெஜெட்டாவில் கூடாரம் போட்டுத் தங்கும் இடங்கள் உண்டு. உலகில் எஞ்சியிருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இரண்டும், தாய் நாஜினும் மகள் ஃபாத்துவும், அங்கேதான் இருக்கின்றன. அந்த இனத்தின் கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. அவற்றைப் பார்க்கத் தனியே பதிவு செய்ய வேண்டும்.

பதிவு மின்னஞ்சலை எழுதும்போது உறவினர் வீட்டுக்கு எழுதுவது போல எழுதுங்கள். யார் யார் வருகிறோம், வயது என்ன, முழங்கால் வலி உள்ளவர் உண்டா, குழந்தை உண்டா என்று சொல்லுங்கள். நடந்து போகும் உலாவுக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துப் போக மாட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் அந்த ஒரு சொல் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, கோழிச் சாறு ஊற்றிய சூப் ஆகாதா, வெங்காயம் பூண்டு உண்டா என்று விரித்து எழுதுங்கள். அருகில் கடை கிடையாது. நேன்யூக்கி நகரத்திலிருந்துதான் பல சாமான்கள் வர வேண்டும். வந்திறங்கிய பிறகு சொன்னால் சமையல்காரர்தான் பாவம். முன்பே சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. கென்யச் சமையலிலேயே நமக்குத் தோதானவை நிறைய: சப்பாத்தி, தெங்கு எனப்படும் பச்சைப்பயறுக் குழம்பு, மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கிதேரி, சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல். "உங்கள் வீட்டில் பணியாளர்கள் சாப்பிடும் தெங்குவும் சப்பாத்தியும் எங்களுக்கும் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். சமையல்காரர் முகம் மலரும்.

தாள்களும் தடுப்பூசியும்

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா முறை போய், இணையத்தில் வாங்கும் முன் அனுமதி வந்திருக்கிறது. விமானச் சீட்டும் தங்குமிட உறுதிக் கடிதமும் அதில் ஏற்ற வேண்டும் என்பதால் லாட்ஜிடம் அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்தால் பதற்றமில்லை.

அதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் இந்தச் சான்றைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாளும் நேரமும் விசாரித்துப் பதிவு செய்துகொண்டு போங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேரியா மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பயணக் காப்பீட்டில் அவசர விமான மீட்பு அடங்குகிறதா என்று பாருங்கள். நைரோபியிலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையோடு பல லாட்ஜ்களுக்கு ஏற்பாடு உண்டு. உங்கள் லாட்ஜுக்கும் உண்டா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

பை

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து பறக்கும் சிறு விமானங்களில் கைப்பை உட்பட ஒருவருக்கு 15 கிலோதான் வழக்கமான வரம்பு, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். கெட்டிப் பெட்டி அந்தச் சின்னச் சரக்கறைக்குள் நுழையாது. துணி துவைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று செட் போதும். உள்ளாடைகளை மட்டும் பல இடங்களில் நாமே அலசிக்கொள்வதுதான் மரபு. குளியலறையில் சோப்புத் தூள் வைத்திருப்பார்கள்.

மண் நிறம், காய்ந்த புல் நிறம், மங்கிய பச்சை நல்லது. பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். ராணுவ உடை போன்ற புள்ளித் துணி கூடவே கூடாது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். லைக்கிப்பியாவின் விடியற்காலை ஊட்டிக் குளிர். திறந்த வண்டியில் காற்று காதைக் குத்தும். தடித்த மேலாடை, காதை மூடும் குல்லா இரண்டும் வேண்டும். பகலில் உயரத்து வெயில் தோலைச் சுடும். அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் காப்பாற்றும்.

ஆளுக்கொரு பைனாகுலர் கட்டாயம். கணவன் மனைவிக்கு ஒன்று என்று கொண்டுபோனால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் அந்த அரை நிமிடம் ஒருவருக்குக் கிடைக்காது. 8x42 அளவு போதும். பெரிய கேமரா இல்லையென்றாலும் குறையில்லை, பைனாகுலர் இல்லையென்றால் குறைதான்.

பிளாஸ்டிக் பையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை, தண்டனையும் கடுமை. நம் பழக்கத்தில் செருப்பைச் சுற்ற, ஈரத்துணி போட என்று நாலு கவர் பெட்டிக்குள் கிடக்கும், துணிப்பைக்கு மாற்றுங்கள். ட்ரோன் வேண்டாம். மின்செருகி சதுர மூன்று கம்பி, பிரிட்டிஷ் வகை.

போய்ச் சேருதல்

வெளிநாட்டு விமானம் இறங்குவது ஜோமோ கென்யாட்டா நிலையம், சிறு விமானம் கிளம்புவது வில்சன். இரண்டும் நைரோபியில்தான் என்றாலும் நடுவில் போக்குவரத்து நெரிசல் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் இறுக்கிக் கட்டாமல் ஓர் இரவு நைரோபியில் தங்கிவிடுங்கள். வில்சனிலிருந்து நேன்யூக்கிக்கு முக்கால் மணி நேரப் பறப்பு. சாலை வழியென்றால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், செலவும் குறைவு. வழியில் அன்னாசித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

முதல் மாலை

"கரிபு" என்று வரவேற்பார்கள், "அசான்டே" என்று நன்றி சொல்லுங்கள். அப்புறம் வீட்டு விதிகளைச் சொல்வார்கள், கவனமாகக் கேளுங்கள். பல லாட்ஜ்களைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு குடிலிலிருந்து தனியாக ஓரடியும் வைக்கக் கூடாது; அஸ்காரி எனப்படும் காவலர் விளக்கோடு வந்து அழைத்துப் போவார். பத்தடிதானே என்று தோன்றும். அந்தப் பத்தடியில் காட்டெருமை நிற்கலாம். அறையில் விசிலோ கொம்போ வைத்திருப்பார்கள்; உதவி வேண்டுமென்றால் அதை ஊதுங்கள், கதவைத் திறக்காதீர்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

மின்சாரம் பெரும்பாலும் சூரிய ஒளியில். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி போட்டால் மொத்த வீடும் இருளும். வெந்நீர் சில இடங்களில் விறகடுப்பில் காய்ந்து வரும், எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு படுக்கைக்குள் கால்மாட்டில் சூடாக, மெத்தென்று ஏதோ தட்டுப்படும். பயப்படாதீர்கள், குளிருக்காக வைத்த வெந்நீர்ப் பை அது.

ஒரு நாள் எப்படிப் போகும்

நிலநடுக்கோடு என்பதால் ஆண்டு முழுவதும் ஆறரை மணியை ஒட்டி விடியும், மாலை ஆறரையை ஒட்டி அடையும். விடியுமுன் ஒருவர் தேநீரோடு கதவைத் தட்டுவார். பத்து நிமிடத்தில் வண்டியில் இருங்கள். விலங்குகள் நடமாடுவது அந்த முதல் இரண்டு மணி நேரம்தான். ஒன்பது மணிவாக்கில் ஒரு மரத்தடியில் காலை உணவு. பகலில் ஓய்வு. நான்கு மணிக்குத் தேநீர், மறுபடி உலா, பொழுதடையும்போது ஒரு மேட்டில் வண்டியை நிறுத்திப் பானம், அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் இரவு உலா. கழுதைப்புலி, முள்ளம்பன்றி, வௌவால் காது நரி எல்லாம் அப்போதுதான்.

வண்டியில் எழுந்து நிற்பதற்கு முன் கேளுங்கள். சிங்கத்துக்கு வண்டி ஒரு முழு உருவம். அதிலிருந்து ஒரு மனித உருவம் பிரிந்து எழுந்தால் அதன் பார்வை மாறிவிடும். இயற்கை உபாதை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து தலைவலியோடு திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டிக்கு இது தினப்படி விஷயம். ஒரு புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடம் காட்டுவார். காகிதத்தை அங்கே போடாமல் சிறு பையில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு காலையாவது நடந்து போங்கள். துப்பாக்கியோடு வழிகாட்டி முன்னே, மற்றவர்கள் ஒற்றை வரிசையில் பின்னே, பேச்சில்லை, கை காட்டினால் நிற்க வேண்டும், எது வந்தாலும் ஓடக் கூடாது. வண்டியில் போகும்போது காணாத காடு இது: சாணத்தைக் கிளறி யானை எப்போது போனது என்று சொல்வார், முள்மரத்தில் கூடு கட்டிய எறும்பைக் காட்டுவார்.

நடையில் திடீரென்று வட்டமாகப் பசும்புல் திட்டு ஒன்று வரும். அது பழைய மாட்டுப்பட்டி. இங்கே போமா என்பார்கள். லைக்கிப்பியாவின் பல பண்ணைகளில் மாடும் காட்டுயிரும் ஒரே நிலத்தில் மேய்கின்றன. இரவில் சிங்கத்துக்குப் பயந்து போரான் இன மாடுகளைப் பட்டியில் அடைத்து, சில வாரத்துக்கொரு முறை பட்டியை இடம் மாற்றுகிறார்கள். நம் ஊரில் வயலில் ஆட்டுக்கிடை போடுவது போலத்தான். சாணம் விழுந்த இடத்தில் சத்துள்ள புல் முளைத்து, ஆண்டுக்கணக்கில் மான்களும் வரிக்குதிரைகளும் அதைத் தேடி வருகின்றன. கிடை போட்ட மண்ணை அறிந்த ஒருவருக்கு அந்தத் திட்டின் நடுவில் நிற்பது சொந்த நிலத்தில் நிற்பது போல இருக்கும்.

காண்டாமிருகத்தைப் படம் எடுக்கும் முன் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த நீர்நிலை என்று இணையத்தில் எழுதவும் வேண்டாம். வேட்டைக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள்.

மேசையில்

இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர்களும் உங்களோடு உட்காருவார்கள். முன்பின் தெரியாதவர்களோடு என்ன பேசுவது என்று தயங்காதீர்கள். மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கேளுங்கள், போதும். அங்கிருந்து புல், மாடு, வேலியை உடைத்த யானை, கடன், வறட்சி என்று பேச்சு ஓடும். நம் ஊர் விவசாயி வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கும் அதற்கும் தூரமே இல்லை. நான் அங்கே போன பயணத்தில் மனத்தில் நின்றவற்றில் பாதி அந்த மேசையில் கேட்டவை. தனியாகச் சாப்பிட விரும்பினாலும் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது

வழிகாட்டிக்கு ஒரு விருந்தினர் கணக்கில் நாளுக்குப் பத்துப் பதினைந்து டாலர் கொடுப்பது வழக்கம். கடைசி நாளில் கையில் கொடுங்கள். சமையலறை, துவைப்பு, காவல் ஆட்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும். நீங்கள் பார்க்காத கைகள்தான் அதிகம் உழைத்தவை, அதில் குறைக்காதீர்கள். கிழியாத, புதிய டாலர் நோட்டுகளோ கென்ய ஷில்லிங்கோ கொண்டுபோங்கள்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைச் சரக்குப் பையில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். வீடு வந்ததும் எடுத்த படங்களில் கிரேவி வரிக்குதிரைகளைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றின் வரியும் நம் கைரேகை போல வேறு. வடகென்யாவில் 2016 முதல் நடக்கும் கணக்கெடுப்பில் அவற்றின் வலப்பக்கப் படத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். வலப்பக்கம் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால், எந்த நாள், எந்த இடம் என்று குறித்து, இணையத்தில் போடாமல் அந்த வீட்டாருக்கு நேரே அனுப்பிவையுங்கள்.